நாளிதழின் ‘ஸ்டைல்’ பக்கங்களைப் பிரித்துப் படிப்பது எப்படி: நியூயார்க் டைம்ஸை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை நியூயார்க் டைம்ஸை வாங்குபவர்களில் பலர் முதல் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே ‘சண்டே ஸ்டைல்ஸ்’ பகுதியை உருவி எடுத்துக்கொள்வது வழக்கம். போர், தேர்தல், பங்குச் சந்தை எல்லாம் காத்திருக்க, யார் யாரை மணந்தார், எந்த விருந்துக்கு யார் என்ன உடுத்திப் போனார் என்பதை முதலில் படிக்கிறார்கள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இப்பக்கங்கள் மிகுந்த கணக்கோடு கட்டப்படுபவை. உடை, விருந்து, நட்பு வட்டம் ஆகியவற்றில் அக்கறை கொண்ட ஒரு வாசகரைத் தேடிப் பிடிக்கவும், பிடித்தவரைக் கைவிடாமல் வைத்துக்கொள்ளவும் அவை எதை எதைச் செய்கின்றன என்பதை ஒவ்வொரு படியாகப் பார்க்க இந்த வழிகாட்டி உதவும். இதழியல் மாணவர்களையும், இணைப்பிதழ்களில் பக்கம் கட்டும் துணை ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன் என்றாலும், வாசகராக மட்டும் இருப்பவருக்கும் இது பயன்படும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டைல் பக்கம் தன் வாசகரை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நிறுத்துகிறது. விருந்து நடக்கும் கூடத்துக்குள்ளே ஒரு நாற்காலி தருகிறது; அதே கூடத்தைச் சன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பதற்கு வெளியேயும் ஓர் இடம் தருகிறது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்த இரட்டை இருக்கை எங்கே போடப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள்.

முதல் படி: கிழமையையும் விளம்பரத்தையும் பாருங்கள்

கட்டுரையைப் படிப்பதற்கு முன்பு, அது எந்தக் கிழமையில் வருகிறது, அதைச் சுற்றி என்ன விளம்பரம் இருக்கிறது என்று பாருங்கள். 1970களின் நடுவில் நியூயார்க் நகரம் திவாலின் விளிம்பில் நின்றது. வசதி படைத்த வாசகர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நிலையில்தான், ஏ. எம். ரோசென்தால் ஆசிரியப் பொறுப்பில் இருந்த காலத்தில், டைம்ஸ் தன்னைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொண்டது. 1976இல் வெள்ளிக்கிழமைக்கு ‘வீக்கெண்ட்’, புதன்கிழமைக்கு ‘லிவிங்’, 1977இல் வியாழக்கிழமைக்கு ‘ஹோம்’ என்று ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு தனிப்பகுதி பிறந்தது. உணவகம், மளிகை, அறைக்கலன் எனத் தனித்தனி விளம்பரதாரர்களுக்குத் தனித்தனி வாசல் திறந்ததுபோல ஆயிற்று. கெட்டியான செய்தித்தாள் இப்படிச் சமையல் குறிப்பிலும் சோபாவிலும் இறங்கிவிட்டதே என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த வருமானமும் சேர்ந்துதான் வெளிநாட்டு நிருபர்களுக்குச் சம்பளம் கொடுத்தது.

1992இல் ‘ஸ்டைல்ஸ் ஆஃப் த டைம்ஸ்’ என்ற ஞாயிறு பகுதி வந்தது; பின்னாளில் ‘சண்டே ஸ்டைல்ஸ்’ ஆனது இதுதான். 2005இல் ‘தர்ஸ்டே ஸ்டைல்ஸ்’ சேர்ந்தது. இலண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் இன்னும் வெளிப்படையாக நடந்துகொண்டது: 1994இல் தொடங்கிய தன் ஆடம்பர இதழுக்கு ‘ஹவ் டு ஸ்பெண்ட் இட்’, அதாவது ‘இந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது’ என்ற பொருள்படும் பெயரையே சூட்டியது. 2022இல் அப்பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கிக்கொண்டது. நெடுங்காலம் கூச்சமின்றிச் சொல்லிவந்ததைச் சொல்ல அதற்கே கொஞ்சம் கூச்சம் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இரண்டாம் படி: பெயர்களை எண்ணுங்கள்

ஸ்டைல் பக்கத்தின் மூலப்பொருள் பெயர்தான். உடைகூட அதற்கு அடுத்தபடிதான். இதை முதலில் கண்டுகொண்டவர் நியூயார்க் ஹெரால்டை 1835இல் தொடங்கிய ஜேம்ஸ் கார்டன் பென்னட். 1840ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹென்றி பிரெவோர்ட் என்ற செல்வந்தர் தம் வீட்டில் மாறுவேட நடன விருந்து ஒன்றை நடத்தினார். ஹெரால்டின் நிருபர் ஒருவர், விருந்தளிப்பவரின் அனுமதியோடே உள்ளே வந்து, வந்தவர்களையும் அவர்களுடைய வேடங்களையும் விரிவாக எழுதினார். நகரத்தின் முன்னாள் மேயர் ஃபிலிப் ஹோன் தம் நாட்குறிப்பில் இதைப் பற்றிக் கொதித்திருக்கிறார்: இழிந்த பத்திரிகையைச் சேர்ந்த ஒருவனை மரியாதைப்பட்டவர்கள் கூடிய இடத்தில் அனுமதிப்பதா என்பது அவருடைய கோபம். அனுமதிக்காவிட்டால் இதைவிட மோசமாக எழுதுவார்களே என்பது விருந்தளித்தவரின் அச்சம். ஸ்டைல் பக்கத்துக்கும் மேட்டுக்குடிக்கும் இடையிலான உறவு அன்றிலிருந்து பெரிதாக மாறிவிடவில்லை. உள்ளே விடுவதற்குத் தயக்கம். வெளியே நிறுத்துவதற்குப் பயம்.

அடுத்த பாடத்தைக் கற்பித்தவர் வார்டு மக்காலிஸ்டர். நியூயார்க் மேட்டுக்குடியின் தலைவியாக விளங்கிய திருமதி ஆஸ்டரின் விருந்துகளை ஒழுங்கு செய்துவந்த இவர், நியூயார்க்கின் நாகரிகச் சமூகத்தில் மொத்தம் ஏறக்குறைய 400 பேர்தான் தேறுவார்கள் என்று 1888இல் ஒரு செய்தித்தாளிடம் சொல்லிவைத்தார். அந்த எண்ணிக்கை ஊரெங்கும் பற்றிக்கொண்டது. 1892இல் நியூயார்க் டைம்ஸ் அவருடைய பட்டியலை வெளியிட்டபோது அதில் 400 பெயர்கள் இல்லை; 300ஐ ஒட்டித்தான் இருந்தன. அதனால் யாரும் சோர்ந்துவிடவில்லை. பட்டியலில் இருப்பவர் தம் பெயரைச் சரிபார்த்துக்கொண்டார். இல்லாதவர், விடுபட்ட நூறு பேரில் தாமும் ஒருவர் என்று நம்பிக்கொண்டார். வெட்டவெளியில் ஒரு கோட்டைக் கீறி, கோட்டுக்கு அந்தப்புறம் எத்தனை பேர் என்று அறிவித்துவிட்டால், இந்தப்புறம் நிற்பவர்கள் தினமும் பத்திரிகை வாங்குவார்கள்.

இன்றைய பக்கத்தில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. விருந்துப் படங்களின் கீழேயுள்ள படக்குறிப்புகளை மட்டும் படியுங்கள். எந்தப் பெயருக்கு அடைமொழி இருக்கிறது, எந்தப் பெயர் வெறும் பெயராகவே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘ஓவியர்’, ‘நன்கொடையாளர்’ என்று அறிமுகம் தேவைப்படுபவர் கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். அடைமொழியே இல்லாதவர் ஏற்கெனவே உள்ளே இருப்பவர். அவரை உங்களுக்குத் தெரியாவிட்டால் குறை உங்களுடையது என்று பக்கம் மௌனமாகச் சொல்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு தமிழ் இணைப்பிதழில், திறப்பு விழாப் படமொன்றின் ‘இடமிருந்து வலம்’ வரிசையில் மூன்றாவதாக நின்றவரின் பெயர் விடுபட்டுப்போனது. மறுநாள் காலை ஏழு மணிக்கே தொலைபேசி அடித்தது. அந்த விழாவைப் பற்றிய செய்தியில் இரண்டு உண்மைப் பிழைகள் இருந்தன. அவற்றைப் பற்றி ஒருவரும் அழைக்கவில்லை.

மூன்றாம் படி: திருமண அறிவிப்புகளை வாக்கியம் வாக்கியமாகப் பிரியுங்கள்

டைம்ஸின் திருமணப் பக்கம் அந்த நாளிதழின் தனிச்சிறப்புகளில் ஒன்று. நம் ஊர் நாளிதழ்களின் திருமண விளம்பரங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது கட்டணம் கொடுத்து இடுவது அன்று. மணமக்கள் விவரங்களை அனுப்ப வேண்டும். ஆசிரியர் குழு தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்தவற்றைச் சரிபார்த்து வெளியிடும். காசு கொடுத்து வாங்க முடியாது என்பதே அதன் மதிப்புக்குக் காரணம்.

படத்துக்கும் ஒரு விதி இருந்தது. மணமக்களின் தலைகள் ஓரளவு நெருங்கியிருக்க வேண்டும். இருவருடைய புருவங்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று அனுப்புவோருக்கான குறிப்பு கேட்டுக்கொண்டது. சிறிய படத்தைச் சரியாக வெட்டுவதற்காகப் பக்கம் கட்டுபவர்கள் சொல்லியிருக்கக்கூடிய எளிய விதிதான் இது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே மட்டத்தில் புருவங்களை வைத்துக்கொண்டு வரிசையாகச் சிரிக்கும் ஜோடிகளைப் பார்க்கும்போது, சமத்துவத்தை அளவுகோல் வைத்து அளந்திருக்கிறார்களோ என்று தோன்றும்.

அறிவிப்பின் நடை வறண்டது. மணமகள் பெயர், வயது, படித்த பல்கலைக்கழகம், பணி, தந்தை தாயின் பணி. பிறகு மணமகனுக்கும் அதே வரிசை. ஓர் உணர்ச்சிச் சொல்கூட இராது. ஆனால் எந்தக் கல்லூரி, எந்தச் சட்ட நிறுவனம், எந்த ஊர் என்று படிக்கத் தெரிந்தவருக்கு அது ஜாதகப் பொருத்தத்துக்குச் சற்றும் குறையாத ஆவணம். நம் மணமகள் தேவை விளம்பரங்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இந்த மொழி உடனே புரிந்துவிடும். அங்கே கோத்திரம் இருக்கும் இடத்தில் இங்கே பல்கலைக்கழகம் இருக்கிறது, அவ்வளவே.

இந்த வறட்சிக்கு ஈடுகட்டுவதற்காக 1992இல் ‘வவ்ஸ்’ என்ற பத்தி தொடங்கப்பட்டது. வாரம் ஒரு திருமணத்தை எடுத்துக்கொண்டு, இருவரும் எப்படிச் சந்தித்தார்கள், இடையில் எப்படிப் பிரிந்தார்கள், மணநாளன்று மழை பெய்ததா என்பது வரை கதையாகச் சொல்லும் பத்தி அது. 2004இல் வாசகர்களின் காதல் கட்டுரைகளுக்காக ‘மாடர்ன் லவ்’ வந்தது. இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. அறிவிப்பில் இடம்பிடிக்கத் தகுதி வேண்டும். காதல் கட்டுரை எழுத அனுபவமும் எழுத்தும் இருந்தால் போதும். கோட்டுக்கு வெளியே நிற்பவரும் எழுதி அனுப்பலாம் என்று ஒரு கதவு இப்படித் திறக்கப்பட்டது.

2002ஆம் ஆண்டு செப்டம்பரில் டைம்ஸ் தன்பாலினத்தவரின் இணைவு விழாக்களையும் இதே பக்கத்தில் வெளியிடத் தொடங்கியது. பக்கத்தின் தலைப்பும் ‘திருமணங்கள் / கொண்டாட்டங்கள்’ என்ற பொருள்படும்படி மாறியது. அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் அத்தகைய திருமணம் அப்போது சட்டப்படி செல்லாது. மாசசூசெட்ஸில் 2004இல்தான் தொடங்கியது. தலையங்கம் நூறு எழுதியும் வராத ஏற்பு, கல்லூரியும் வேலையும் தந்தையின் பெயரும் வரிசையாக அடுக்கப்பட்ட அந்தப் பழைய வறண்ட நடையில், மற்ற ஜோடிகளுக்கு நடுவே, அதே புருவ மட்டத்தில் அச்சாகும்போது வந்துவிடுகிறது. ஸ்டைல் பக்கத்தை அற்பமானது என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்கு இது ஒரு காரணம்.

நான்காம் படி: படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்று கேளுங்கள்

பில் கன்னிங்ஹாமின் பெயரைச் சொல்லாமல் இந்தப் பகுதியை எழுத முடியாது. 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் 87 வயதில் இறக்கும்வரை அவர் டைம்ஸுக்காகப் படம் எடுத்தார். பிரெஞ்சுத் துப்புரவுத் தொழிலாளர்கள் அணியும் நீலநிற மேற்சட்டை, மிதிவண்டி, கழுத்தில் கேமரா. ஐந்தாம் அவென்யூவும் 57ஆம் தெருவும் சந்திக்கும் முனை அவருக்கு அலுவலகம்போல. 1978இல் தெருவில் சென்ற ஒரு பெண்மணியின் கோட்டில், தோள்பட்டை வெட்டப்பட்ட விதம் அவருக்குப் பிடித்துப்போய்ப் படம் எடுத்தார். கோட்டை மட்டுமே பார்த்தவருக்கு, உள்ளே இருந்தவர் திரையுலகை விட்டு விலகி ஒதுங்கி வாழ்ந்துவந்த நடிகை கிரேட்டா கார்போ என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் படங்கள் டைம்ஸில் வந்தன. அங்கிருந்து அவருடைய தெருப் பத்தி வளர்ந்தது.

அவர் நடத்திய இரண்டு பத்திகளையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ‘ஆன் த ஸ்ட்ரீட்’ தெருவுக்கு உரியது. ஒரு வாரம் முழுக்கத் தெருவில் நின்று, திடீரென்று பலரும் ஒரே நிறத்தை, ஒரே வகைக் குடையை, ஒரே மாதிரிக் கழுத்துத் துணியை அணிவதைப் பிடித்து, இருபது முப்பது படங்களை ஒரே பக்கத்தில் அடைத்துவிடுவார். அதில் பெயர்கள் அநேகமாக இரா. தூதஞ்சல்காரரும் கோடீசுவரரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ‘ஈவினிங் அவர்ஸ்’ இரவு விருந்துகளுக்கு உரியது. அருங்காட்சியகம், நூலகம், மருத்துவமனை, பூங்கா ஆகியவற்றுக்கு நிதி திரட்டும் நன்கொடை விருந்துகளின் படங்கள், பெயர்களோடு வரும். முதலாவது, நீங்களும் இதில் வரலாம் என்கிறது. இரண்டாவது, இவர்கள்தாம் வருகிறார்கள் என்கிறது. ஒரே ஆள், ஒரே கேமரா, ஒரே வாரம்.

நன்கொடை விருந்து என்ற ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவுக்காக 1948இல் 50 டாலர் சீட்டோடு தொடங்கிய விருந்துதான் இன்று மே மாதம் முதல் திங்களன்று உலகமே பார்க்கும் ‘மெட் காலா’; 2024இல் தனிநபர் சீட்டின் விலை 75,000 டாலர். நற்பணி என்ற போர்வை இல்லாவிட்டால் அவ்வளவு விலையுயர்ந்த உடைகளைப் பக்கம் பக்கமாகப் படம் போட ஒரு நாளிதழுக்குக் கை கூசும். விருந்தினருக்கும் கூசும். தொண்டுள்ளமும் படாடோபமும் ஒருவருக்கொருவர் துணை போவதால்தான் அந்தப் பக்கம் இரு தரப்புக்கும் மானக்கேடில்லாமல் நடக்கிறது.

ஐந்தாம் படி: ‘புதிய போக்கு’ கட்டுரையில் சான்றுகளைத் தேடுங்கள்

ஸ்டைல் பகுதியின் மிகவும் ருசியான பண்டமும், மிகவும் சீக்கிரம் கெட்டுப்போகும் பண்டமும் இதுதான். ‘இளைஞர்கள் இப்போதெல்லாம்...’ என்று தொடங்கும் கட்டுரை. மூன்று பேர் ஒரே காரியத்தைச் செய்தால் அது டிரெண்ட் என்பது செய்தி அறைகளில் பழைய நகைச்சுவை. இத்தகைய கட்டுரையைப் படிக்கும்போது காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: பேசியவர்கள் எத்தனை பேர், அவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருக்கக்கூடுமா, அவர்களில் எவருக்கேனும் விற்பதற்கு ஏதாவது இருக்கிறதா.

சோதனைக்கு ஏற்ற கட்டுரை 1992 நவம்பரில் வந்தது. ‘ஸ்டைல்ஸ் ஆஃப் த டைம்ஸ்’ பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சியாட்டில் நகரத்திலிருந்து கிளம்பிய ‘கிரஞ்ச்’ இசையும், அதோடு வந்த கட்டம்போட்ட சட்டை, கிழிந்த ஜீன்ஸ் நாகரிகமும் எங்கும் பேசப்பட்ட நேரம். அதைப் பற்றிய கட்டுரையோடு, அந்த இளைஞர்களின் கொச்சை மொழிக்கு ஒரு சிற்றகராதியும் பெட்டிச் செய்தியாக வந்தது. ‘வாக் ஸ்லாக்ஸ்’ என்றால் கிழிந்த பழைய ஜீன்ஸ். ‘லேம்ஸ்டெயின்’ என்றால் நாகரிகம் தெரியாதவன். ‘ஸ்விங்கின் ஆன் த ஃப்ளிப்பிட்டி ஃப்ளாப்’ என்றால் நண்பர்களோடு வெட்டியாகப் பொழுது போக்குவது. சனிக்கிழமை இரவு வீட்டிலேயே அடைந்து கிடப்பதற்குக்கூட ஒரு சொல் கொடுக்கப்பட்டிருந்தது.

அவற்றில் ஒன்றும் உண்மையில்லை. இசைத்தட்டு நிறுவனமொன்றில் வேலை பார்த்த மேகன் ஜாஸ்பர் என்ற இளம்பெண், தொலைபேசியில் கேட்ட நிருபருக்கு அந்தச் சொற்களை அந்தந்த நிமிடத்தில் இட்டுக்கட்டிச் சொல்லியிருந்தார். இன்னும் விபரீதமான சொல்லைச் சொன்னால் நிருபர் சிரித்துவிடுவார், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவர் எதிர்பார்த்தார். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. எழுதிக்கொள்ளும் ஓசைதான் வந்தது என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். ‘த பேஃப்ளர்’ என்ற சிறுபத்திரிகை பிறகு இதை அம்பலப்படுத்தியது. வேடிக்கை அங்கேயும் முடியவில்லை. பொய்யென்று தெரிந்த பிறகு, அந்தச் சொற்களைச் சட்டையில் அச்சடித்து இளைஞர்கள் கிண்டலாக அணிந்துகொண்டார்கள்.

இதை நிருபரின் கவனக்குறைவு என்று மட்டும் பார்த்தால் பாடம் கைநழுவிவிடும். சொற்பட்டியல் அச்சேறியதற்குக் காரணம் அது வாசகரின் தேவையோடு அப்படியே பொருந்தியதுதான். நாற்பது வயதில், நல்ல வேலையில், இரவு விருந்துக்குப் போகும் ஒருவருக்கு இளைஞர்களின் இரகசிய மொழி தெரிந்திருந்தால் அன்று மாலை அவர்தாம் மேசையின் நாயகர். ஸ்டைல் பக்கம் அவருக்குக் கொடுத்தது அந்த மாலைக்கான பேச்சுப் பொருள். உடை வாங்கக் காசு வேண்டும். சொல் வாங்க அன்றைய நாளிதழ் போதும்.

எல்லாப் போக்குக் கட்டுரைகளும் பொய் என்று இதற்குப் பொருளில்லை. ‘மெட்ரோசெக்ஷுவல்’ என்ற சொல்லை பிரிட்டிஷ் எழுத்தாளர் மார்க் சிம்ப்சன் 1994இலேயே உருவாக்கிவிட்டார். 2003இல் ‘சண்டே ஸ்டைல்ஸ்’ அதைப் பற்றி எழுதிய பிறகுதான் அமெரிக்காவில் அழகுப்பொருள் விற்பவர்கள் முதல் தொலைக்காட்சி வரை எல்லோர் வாயிலும் அது புகுந்தது.

ஆறாம் படி: குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேளுங்கள்

நல்ல ஸ்டைல் எழுத்து திட்டாது, புகழாது; பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும். முகம் மட்டும் நேராக இருக்கும். சார்லட் கர்ட்டிஸ் இதில் கைதேர்ந்தவர். 1965இல் டைம்ஸின் பெண்கள் பக்கத்துக்கு ஆசிரியரானவர், பின்னர் 1974இல் அதே நாளிதழின் கருத்துப் பக்கத்துக்குப் பொறுப்பேற்றார். 1970 ஜனவரியில் இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் பார்க் அவென்யூ வீட்டில், சிறையிலிருந்த, கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் இயக்கத்தினரின் வழக்குச் செலவுக்காக ஒரு கூட்டம் நடந்தது. கர்ட்டிஸ் போனார்; யார் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், புரட்சி பற்றிய பேச்சுக்கு விருந்தளித்தவர் இளைஞர்களின் கொச்சைச் சொல்லில் எப்படித் தலையாட்டினார் என்பதை எழுதினார். தன் கருத்தென்று ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஓரிரு நாளில் அதே டைம்ஸின் தலையங்கம் அந்தக் கூட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் தலையங்கத்தில் சத்தம் அதிகம். குத்து என்னவோ கர்ட்டிஸின் பத்தியில்தான் இருக்கிறது.

வாஷிங்டன் போஸ்ட் இந்தக் குரலையே ஒரு தனிப்பகுதியாக்கியது. 1969 ஜனவரியில் ஆசிரியர் பென் பிராட்லீ பழைய பெண்கள் பக்கத்தை எடுத்துவிட்டு ‘ஸ்டைல்’ என்ற பகுதியைக் கொண்டுவந்தார். வாஷிங்டனில் உடையைவிட, விருந்தில் எந்த செனட்டருக்குப் பக்கத்தில் யார் அமர்ந்தார் என்பதுதான் ஃபேஷன். அதனால் அங்கே விருந்துச் செய்தியும் அரசியல் செய்தியும் ஒன்றையொன்று உண்டு வளர்ந்தன.

ஏழாம் படி: யார் காசு கொடுத்தார்கள் என்று உறுதிசெய்யுங்கள்

கடைசிப் படி சிறியது; ஆனால் விட்டுவிடக் கூடாதது. கன்னிங்ஹாம் விருந்துகளில் படம் எடுக்கப் போகும்போது ஒரு கோப்பைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார் என்பது நியூயார்க்கில் எல்லோரும் அறிந்த செய்தி. மறுமுனையில் நம் நாட்டு அனுபவம் இருக்கிறது. டைம்ஸ் ஆஃப் இந்தியா 1994இல் ‘பாம்பே டைம்ஸ்’ இணைப்பிதழைத் தொடங்கியது. அந்த மாதிரியே பிற நகரங்களுக்கும் பரவி, நாளிதழின் சென்னைப் பதிப்பு 2008இல் வந்தபோது ‘சென்னை டைம்ஸ்’ ஆகவும் நம் வாசலுக்கு வந்தது. 2003இல் அந்தக் குழுமம் ‘மீடியாநெட்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: இணைப்பிதழில் ஒரு பொருளோ நிகழ்ச்சியோ நபரோ இடம்பெறுவதற்குக் கட்டணம் பெறும் முறை அது. இதை அவர்கள் முற்றிலும் மறைத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. இணைப்பிதழின் பெயருக்குக் கீழே, விளம்பரச் செய்தி, பொழுதுபோக்கு விளம்பரக் கட்டுரை என்று பொருள்படும் ஆங்கில வரி ஒன்று மிகச் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும்.

ஆகவே ஞாயிறு காலை இணைப்பிதழைக் கையில் எடுத்ததும், அட்டைப் படத்தில் சிரிக்கும் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, பெயர்ப்பட்டைக்குக் கீழே உள்ள அந்தக் குறுகிய இடைவெளியைப் பாருங்கள். வயதானவராக இருந்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாருங்கள். அங்கே ஒரு வரி இருந்தால், மேலே சொன்ன ஆறு படிகளில் இரண்டாவதை மீண்டும் செய்யுங்கள்; இந்த முறை பெயர்களுக்குப் பக்கத்தில் கடையின் பெயர் எத்தனை முறை வருகிறது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.